வானத்தைப் பார்த்துச் சொல்கிறேன்

1

"மழை பெஞ்சா இவ எப்படி ஸ்கூலுக்குப் போவா? ஒரு மாசம் தாங்காது லா, எழுதி வச்சுக்க."

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கணக்கர், நாங்கள் கிராணி என்று சொல்கிறவர், அம்மாவிடம் இப்படிச் சொன்னபோது எனக்குப் பதின்மூன்று வயது. மலாக்கா பக்கம், அலோர் காஜாவில் இடைநிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பள்ளிக்குக் கொடுக்க ஒரு கடிதம் வேண்டும் என்று நானும் அம்மாவும் தோட்ட ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். அவர் உள்ளே காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை வந்தால் முழங்கால் வரை சேறு. அந்தப் பாதையைச் சரி செய்ய வேண்டியது அவருடைய ஆபீஸ்தான். பாதையைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என்னைப் பற்றித்தான் வந்தது.

ஐந்து வருஷம் அந்தச் சேற்றில் நடந்தேன். சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வெறுங்காலோடு பெரிய சாலைக்கு வந்து, அங்கே ஒரு சீனர் வீட்டுக் குழாயில் காலைக் கழுவி, பிறகு பஸ் ஏறுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை.

இப்போது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில் இருக்கிறேன். மழைநீர் வடிகால் கட்டும் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். எந்தத் தெருவில் எவ்வளவு மழை விழுந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இங்கே வந்து பத்து வருஷம் ஆகிறது. அதையொட்டி ஊருக்குப் போய்விட்டு, போன வாரம்தான் திரும்பினேன். உடுப்பெல்லாம் துவைத்து மடித்தாகிவிட்டது. கோபம் மட்டும் இன்னும் மடியவில்லை.

2

இந்த ஊரில் ஆகஸ்ட் கடைசி என்றால் கோடை முடியப்போகிறது என்று அர்த்தம். எல்லாரும் அவசர அவசரமாக லீவு போட்டு ஏதாவது ஒரு நகரத்துக்குப் போவார்கள். போவதற்கு ஒரு மாதம் முன்பே வானிலை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். என் பக்கத்து மேசையில் இருக்கும் பெண் லிஸ்பனுக்கு எடுத்த பயணத்தை, இரண்டு நாள் மழை என்று போனில் காட்டியதால் தள்ளிப்போட்டாள். கிளாஸ்கோவில் வாரத்தில் நான்கு நாள் நனைகிறவள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய லீவு, அவளுடைய முடிவு. அவளுக்காக வேறு யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

நானும் ஒரு நகரப் பயணம் போட்டேன். ஆகஸ்ட் கடைசியில், அம்மாவோடு, மலாக்கா நகரத்துக்கு, இரண்டு இரவு. ஆற்றோரத்தில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்தேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மலாக்காக்காரிக்கு மலாக்காவைச் சுற்றிக்காட்ட ஹோட்டலா என்று கேட்பீர்கள். அம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்திலிருந்து மலாக்கா நகரம் முப்பது கிலோமீட்டர் இருக்காது. அந்த நகரத்தில் அவளுக்குத் தெரிந்தது மூன்று இடம்: பெரிய ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டேஷன், தீபாவளிக்கு முந்தின வாரம் துணி எடுக்கும் கடை. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்களே, அந்த ஆற்றுப் படகில் அவள் ஏறியதில்லை. அவளுடைய அறுபத்திரண்டு வயதில், காசு கொடுத்து ஒரு கட்டிலில் படுத்துத் தூங்கியதும் இல்லை.

அம்மா இப்போது மலாக்கா நகரத்தை ஒட்டிய பாயா ரும்புட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பயணத் தேதியை அண்ணனுக்கு அனுப்பினேன். அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. இந்த நேரத்தில் ஜெரெபு வரும், காடு எரியும் புகை மூட்டமாக இருக்கும், அது இல்லாவிட்டால் மத்தியானம் மழை கொட்டும், அம்மாவை எங்கேயும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம், வீட்டில் இருந்தே பேசிக்கொண்டிருக்கலாம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் ஒன்று சொன்னான்.

"நீ வா. வானத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். அண்ணனுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே நினைவிருக்காது. எனக்கு நினைவிருந்தது.

3

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மரப்பட்டை ஈரமாக இருந்தால் ரப்பர் மரத்தை வெட்டக் கூடாது. பால், வெட்டிய கோட்டை விட்டு வழிந்து வீணாகப் போகும், மரமும் கெட்டுப்போகும். அதனால் மழை பெய்த காலையில் ஆட்கள் எல்லாரும் பெரட்டுக் கொட்டகையில், அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், காத்திருப்பார்கள். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒரு மரத்துக்குப் பக்கத்தில் போய்ப் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ந்திருந்தால் வேலை. ஈரமாக இருந்தால், "இருங்க, காயட்டும்." சில நாள் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அப்படியே இருப்பார்கள். வீட்டுக்கும் போக முடியாது, வேலையும் இல்லை.

எனக்குப் பதினேழு வயதில், ஐந்தாம் படிவத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்ததற்காக மலாக்கா நகரத்தில் ஒரு மண்டபத்தில் பரிசு கொடுத்தார்கள். பிள்ளையோடு தாயையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று கடிதத்தில் இருந்தது. அப்பா இரண்டு வருஷம் முன்பே தவறிவிட்டார். அம்மா ஒரு வாரம் முன்னாலேயே மண்டோரிடம் போய் லீவு கேட்டாள். அவர் தர முடியாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அம்மா சண்டையாவது போட்டிருப்பாள். "அன்னிக்கு வானத்தப் பாத்துச் சொல்றேன்" என்றார். மழை வந்தால் எப்படியும் வெட்டு இல்லை, அப்போது போய்க்கொள்ளலாம். எதற்கு ஒரு நாள் லீவு வீணாக. அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அம்மாவுக்கும் பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று விடியற்காலையில் மழை பெய்தது. அம்மா சந்தோஷமாகத் தீபாவளி நீலச் சேலையைக் கட்டினாள். அதற்கு மேல், எதற்கும் இருக்கட்டும் என்று, பால் கறை படிந்த முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். இருவரும் கொட்டகையில் உட்கார்ந்தோம். ஏழு மணிக்கு மழை நின்றது. மண்டோர் மரத்தைத் தொட்டார். காயட்டும் என்றார். எட்டு மணிக்குத் தொட்டார். காயட்டும். மலாக்காவுக்கு ஒன்பது மணிக்குப் பஸ். எட்டே காலுக்கு அம்மா என்னைப் போகச் சொன்னாள். தானும் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொன்னாள். சொல்லாமல் எழுந்து வந்தால் அவளுடைய மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒன்பதரைக்குப் பட்டை காய்ந்துவிட்டது. அம்மா நீலச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டுக்குப் போனாள்.

மண்டபத்தில் என் பேரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு தாய் நின்றாள். ஒலிபெருக்கி வைத்திருந்தவர், அன்பாகத்தான், "இபு மானா?" என்று கேட்டார். அம்மா எங்கே என்று. நான் மலாயில் உண்மையைச் சொன்னேன். மழை, அதனால் வரவில்லை என்றேன். ஒலிபெருக்கி என் குரலை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. வெளியே கண் கூசும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து, மழையால் முடியவில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு உடம்பு சூடாகிவிடும். மழை அம்மாவை ஒன்றும் பிடித்து வைக்கவில்லை. பிடித்து வைத்தவர் கையில் குடை இருந்தது.

4

பாயா ரும்புட்டில் நான் போய் இறங்கியபோது வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. லேசான புகை வாடை. அண்ணன் மகள் தர்ஷினி, பத்து வயது, காற்றில் எவ்வளவு புகை என்று காட்டும் எண்ணைப் போனில் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னாள். என் ஆங்கிலம் யாருக்கும் புரியவில்லை என்றும் சொன்னாள். தமிழில் சொல் என்றால் மலாயில் பதில் வருகிறது. அதற்குக் கோபப்பட எனக்குத் தகுதியில்லை. அவளோடு பேச அவ்வளவு தூரத்திலிருந்து வாரம் ஒருமுறை மட்டுமே கூப்பிடுகிறவள் நான்.

மறுநாள் காலை புறப்பட வேண்டும். நான் எழுந்து வந்தபோது அம்மா குளித்து, சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்தாள் என்று கேட்டேன். ஐந்து மணிக்கு என்றாள். முந்தின இரவு தூறல் போட்டிருந்தது. நான் காப்பி எடுத்துவரத் திரும்பினேன். மறுபடி வெளியே வந்தபோது அம்மா நாற்காலியில் இல்லை. வேலி ஓரத்து ரம்புத்தான் மரத்தடியில் நின்றுகொண்டு, பட்டையில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"ஈரமாத்தான் இருக்கு" என்றாள். "இன்னொரு நாள் பாப்போமா?"

வெட்டுக் கத்தியை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. தோட்டமே ரப்பர் போய்ச் செம்பனையாகிவிட்டது. மண்டோர் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இன்னும் அவருக்காக மரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அண்ணன்மேல் காட்டினேன். அவன் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நீயும் மண்டோர் ஆகிவிட்டாய், அம்மா இரண்டு நாள் இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் இல்லை, அதற்கு மழையைச் சாக்கு சொல்கிறாய் என்று கத்தினேன். கத்தினேன் என்பதுதான் சரியான வார்த்தை. அண்ணி கதவைச் சாத்தினாள்.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான். அப்பா போனபோது அவனுக்குப் பதினாறு வயது. பள்ளியை விட்டு, செங் என்ற இடத்தில் இருக்கும் ஃபேக்டரிக்குப் போனவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். என்னிடம் அவன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"போன வருசம் ஜெரெபுல அம்மாவுக்கு மூச்சு வாங்கிருச்சு, செல்வி. மூணு நாளு வார்டுல இருந்துச்சு. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு அம்மாதான் சொல்லுச்சு. தூக்கிட்டு ஓடுனது நான் லா. அந்தப் பயம் ஒனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அந்த மூன்று நாளில் நான் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். சளி, குரல் கம்மிப்போச்சு என்றாள். நம்பினேன். இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வானிலைக்கும் பயணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் அதுவரை பேசியது பாதிதான் சரி. நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். புகையை யார் துடைப்பது. ஆனால் அதற்குக்கூட எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ எங்கோ காட்டைக் கொளுத்த, அறுபத்திரண்டு வயதுப் பெண் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டும். அதற்குப் பேர் வானிலையாம். ஏதோ கடவுள் அனுப்பியது மாதிரி.

அன்று நாங்கள் புறப்படவில்லை. மூவரும் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். அம்மாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். காற்றின் எண் எவ்வளவு வரை போகலாம், எதைத் தாண்டினால் அறைக்குத் திரும்ப வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். உறிஞ்சும் மருந்து கைப்பையில் இருக்கட்டும், முகக்கவசம் போடட்டும், நடுப்பகலில் நடக்க வேண்டாம், போய்விட்டு வரட்டும் என்றார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இவ்வளவுதான் விஷயம். என்ன எடுத்துப் போவது, எந்த நேரம் நடப்பது என்பதை வானிலை சொல்லட்டும். போகலாமா என்பதைப் போகிறவர் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தும் அண்ணனுக்கு மனது ஆறவில்லை. காலையில் எழுந்து பார்த்துச் சொல்கிறேன் என்று மறுபடி தொடங்கினான். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா பேசினாள். குரல் உயரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"டாக்டரு பாத்தாச்சு. ஒம் போனு பாத்தாச்சு. நீயும் வானத்தப் பாத்தாச்சு. நான்தான் இன்னும் மலாக்காவப் பாக்கல. காலைல காடிய எடு."

5

அண்ணன் காரை எடுத்தான். ஆற்றங்கரையில் எங்களை இறக்கிவிட்டு, முகக்கவசப் பெட்டி ஒன்றை என் கையில் திணித்துவிட்டு வேலைக்குப் போனான். பத்து மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை கூப்பிட்டான். காற்றின் எண் டாக்டர் எழுதிய அளவுக்குக் கீழேதான் இருந்தது.

படகில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுவரெல்லாம் படம் வரைந்திருக்கும் வீடுகளைப் பார்த்து, இவ்வளவு பெயிண்டு இருந்தால் நம் தோட்டத்து லயத்து வீடெல்லாம் அடித்திருக்கலாம் என்றாள். ஓர் உடும்பு தண்ணீரில் நீந்திப் போனது. சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் எழுந்து படம் பிடித்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள். உடும்பை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

பிறகு அந்த மண்டபம் எங்கே என்று கேட்டாள். நானாக அழைத்துப் போயிருக்க மாட்டேன். சாலைக்கு இந்தப் பக்கம் நின்று காட்டினேன். பூட்டியிருந்தது. அம்மா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மேடை எம்புட்டு ஒசரம் இருக்கும்?"

என் இடுப்புக்குக் கையை வைத்துக் காட்டினேன்.

"அவ்ளோதானா. ஏறியிருப்பேன்."

அம்மா என் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தாள், நான்தான் சின்னப்பிள்ளை மாதிரி.

மூன்று மணிக்கு மழை வந்தது. அண்ணன் சொன்ன மாதிரியே, ஊசி ஊசியாக இல்லை, வாளி வாளியாக. ஒரு பழைய கடையின் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி, ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிச் சாப்பிட்டோம். புகை வாடை போய் மண் வாடை வந்தது. அம்மா மூக்கை இழுத்து, இப்போது நல்லாயிருக்கிறது என்றாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் மஞ்சள் மழைக்கோட்டோடு நின்றது. அவர்களை அழைத்து வந்த பையன், நம் ஊர்த் தமிழ்ப் பையன்தான், ஒவ்வொருவரிடமும் போய் மழைக்காக மன்னிப்புக் கேட்டான். மாலையில் படகு இலவசம் என்று வேறு சொன்னான். அவன் என்ன சொல்கிறான் என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். மழைக்கு அவன் என்ன செய்வான் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எங்ககிட்ட ஒருத்தனும் கேக்கல என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

முப்பத்தைந்து வருஷம். எத்தனை காலை அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பாள். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு ஒரு பிற்பகல் நனைந்தால் மன்னிப்பும் படகும். வேலைக்கு வந்தவளுக்கு, இருங்க, காயட்டும். இதற்கு மேல் எனக்குக் கோபத்தை அளக்கத் தெரியவில்லை. மழையைத்தான் அளக்கத் தெரியும்.

அன்று ராத்திரி ஹோட்டல் கட்டிலில் அம்மா மெத்தையை அழுத்திப் பார்த்து, படுத்து, உடனே தூங்கிப்போனாள். மூச்சு சீராக இருந்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன்.

6

மூன்றாம் நாள் வீடு திரும்பும் வழியில் ஆயர் குரோவில் கடவுச்சீட்டு எடுக்கும் அலுவலகத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மாவிடம் சொல்லித்தான். எதற்கு என்று கேட்டாள். நான் வேலை செய்யும் ஊரைப் பார்க்க என்றேன். அங்கே மழை எப்படி என்று கேட்டாள். எப்பவும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

எண் சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் கைரேகைக் கருவியில் அம்மாவின் கட்டைவிரல் விழவில்லை. கத்தி பிடித்துத் தேய்ந்த விரல். வலது, இடது, மறுபடி வலது. அதிகாரி நல்ல பெண்தான். ஈரத் தாளால் அம்மாவின் விரலைத் துடைத்துவிட்டு, "காயட்டும் மாக்சிக், அங்கே உட்காருங்க" என்று மலாயில், அத்தையைக் கூப்பிடுவது போலச் சொன்னாள். என் முகம் மாறியதை அம்மா பார்த்துவிட்டாள். என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, சும்மா இரு என்றாள். ஐந்தாவது தடவை விழுந்தது. மத்தியானத்துக்குள் சிவப்புப் புத்தகம் கையில். அம்மா அதைத் திறந்து தன் படத்தைப் பார்த்து, போலீஸ் பிடித்த ஆள் மாதிரி இருக்கிறேன் என்று வீட்டில் அண்ணனிடம் காட்டினாள். அவன் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். ஒன்றும் எழுதாத பக்கங்கள்தான். ஆனாலும் கடைசி வரை புரட்டினான்.

நேற்று அவனிடமிருந்து செய்தி வந்தது. அம்மா எந்த மாசம் வருவது நல்லது, அங்கே வானிலை எப்படி, பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. பார்த்தாகிவிட்டது அண்ணே என்று எழுதினேன். அடுத்த வருஷம் ஆகஸ்ட் கடைசி. அங்கே ஜெரெபு வரும் நேரம், அம்மா அந்தப் புகைக்குள் இருக்க வேண்டாம். இங்கே மழை பெய்யும், மூச்சுக்கு ஒன்றும் செய்யாது, நான்கு வாரம் என்னோடு இருக்கட்டும். தர்ஷினியை யார் கூட்டிவருவது என்று நீயும் அண்ணியும் இப்போதே பேசி வையுங்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். பணம் கட்டும்போது, தேதியை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டுமா என்று திரையில் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.